ஒருத்திக்கு மட்டும் கீரை

மைக்ரோவேவ் அடுப்பை ஊருக்குக் கொண்டுபோன அன்று, அதற்குள் வைக்க எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம்கூட இல்லை.

பொன்னேரி ரயிலடியில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து, அங்கிருந்து அண்ணனின் பைக்கில் குப்பம்வரை சேர்த்துவிட்டேன். சமையல்கட்டு மேடையில், அரசாங்கம் கொடுத்த விலையில்லா கிரைண்டருக்குப் பக்கத்தில் இடம் பண்ணிப் பிளக்கையும் செருகியாயிற்று. அப்புறம்தான் உறைத்தது. அலமாரி முழுக்க எவர்சில்வர். அடுப்படியில் அலுமினியம். மண்சட்டி இரண்டு உண்டு, இரண்டுமே இதன் வாய்க்குள் நுழையாத அகலம். உலோகம் எதையும் உள்ளே வைக்கக் கூடாது, பொறி பறக்கும் என்று நான் சொன்னதும் ஆயா சிரித்துவிட்டாள். "இன்னா அடுப்புடி இது, ஏனம் வச்சா எரியுமாம்?"

அந்த எவர்சில்வர் பாத்திரங்களில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்தவை. அம்மாவின் பெயர் எழுதியிருக்கும் ஒரே சொத்து அதுதான். வீடு நைனா பேரில், படகு அண்ணன் பேரில். ஏரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறாலுக்கு வலை கட்டும் நல்ல இடங்கள் ஒருவனுக்கே போய்விடக் கூடாது என்று, இன்று உனக்கு, நாளை அவனுக்கு என முறைவைத்து மாற்றிக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் இதில் தலைக்கிராமங்கள். பொதுவில் கிடக்கும் நீரைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்வதற்கு உதாரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். நல்ல முறைதான், நான் குறை சொல்லவில்லை. அதில் பெண் பெயர் கிடையாது, அவ்வளவுதான். பிடித்துவந்த இறாலை ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடையில் சுமந்து பொன்னேரிச் சந்தையில் விற்கும் பாடு மட்டும் பெண்களுக்கு முறைவைக்காமலே தினமும் வரும்.

கடைசியில் ஆயாதான் பரணிலிருந்து ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கண்டெடுத்தாள். யார் கல்யாணத்திலோ கொடுத்தது. ஓரத்தில் நீலப் பூ. ஒருவருக்கு மேல் சாப்பிடப் போதாத அளவு. அது எவ்வளவு சரியான அளவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த அடுப்பு ஏன் வந்தது என்று சொல்லவேண்டும். அம்மாவுக்கு ஒரு வருஷமாகப் படியேறினால் மூச்சு வாங்கியது. கூடையைத் தலையில் ஏற்றும்போது கண் இருட்டியது. வயசாகுது என்றாள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.4 என்று வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு. அம்மா 49ஐத் தாண்டிவிட்டவள். அந்தக் கணக்கிலும் அவள் பெயர் இல்லை.

டாக்டரம்மா இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கீரை சாப்பிடுங்க, சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க" என்றார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். மாத்திரையை விழுங்கினாள். கீரை மட்டும் நடக்கவில்லை.

மீன்பிடி வீட்டில் கீரைக்கு என்ன மரியாதை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஏரி முகத்துவாரத்தை மணல் அடைத்து மீன்பாடு குறைந்த நாட்களில் எங்கள் வீட்டில் கீரை வெந்தது. அதனால் தட்டில் கீரையைக் கண்டாலே நைனாவுக்கு முகம் சுருங்கும். சென்னாக்குன்னி போட்ட முருங்கைக்கீரை என்றால் மட்டும் தொடுவார், அதுவும் குன்னியைப் பொறுக்க. அண்ணன் பிள்ளைகள் பச்சையாக எதையும் தின்னாது. ஆக, கீரை செய்தால் அம்மா ஒருத்திக்குத்தான் செய்யவேண்டும். இரண்டு நடை சந்தைக்குப் போய்வந்து, குழம்பு, சோறு, வறுவல் எல்லாம் இறக்கி வைத்த பிறகு, தனக்கென்று இன்னொரு சட்டி ஏற்றுவாளா?

ஏற்ற மாட்டாள். தனக்காக மட்டும் அடுப்பு பற்றவைத்த ஒரு பெண்ணை நான் எங்கள் குப்பத்தில் பார்த்ததே இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக்கொள்வாள், அதுகூட யாராவது வீட்டில் இன்னொருவர் குடிப்பார் என்றால்தான். மிச்சத்தைத் தின்பதும், குழம்பில் மீன் தலையை எடுத்துக்கொண்டு துண்டை ஆண்களுக்கு வைப்பதும் தியாகம் என்று யாரும் பேசிக்கொண்டதில்லை. பழக்கம். நானும் அந்தத் துண்டுகளைத் தின்று வளர்ந்தவள்தான்.

எனக்கே இது புரிந்தது அம்பத்தூரில், வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது என்பது விதி. சாப்பாட்டுக் கூடத்து மூலையில் ஒரு பழைய மைக்ரோவேவ் இருந்தது. எல்லோரும் ஆறிப்போன சாம்பாரைச் சுடவைக்க வரிசையில் நிற்போம். ஒருநாள் தள்ளுவண்டியில் ஒரு கட்டு அரைக்கீரை வாங்கினேன். அறைத்தோழி சொல்லிக் கொடுத்தாள்: நன்றாக அலசு, நறுக்கு, கண்ணாடிக் கிண்ணத்தில் போடு, கூடத் தண்ணீர் ஊற்றாதே, இலையில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும். இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சைமிளகாய், கொஞ்சம் சீரகம். தட்டால் மூடி ஒரு ஓரம் திறந்து வை. மூன்று நிமிஷம். எடுத்துக் கிளறி இன்னொரு நிமிஷம். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வை, ஆவி அடிக்கும்.

கிண்ணம் நிறைய அமுக்கி வைத்த கீரை ஒரு கைப்பிடியாகச் சுருங்கியிருந்தது. நிறம் மட்டும் அப்படியே பச்சை. கரண்டியால் மசித்து, உப்புப் போட்டு, நின்றுகொண்டே தின்றேன். எனக்காக, எனக்கு மட்டும், எனக்குப் பிடித்ததை நான் சமைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு 26 வயது. சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் திருட்டுத்தனம் செய்தது போல இருந்தது.

அந்தப் பெட்டியின் பூர்வீகத்தைப் பிறகு படித்தேன். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்காக மேக்னெட்ரான் குழாய்களைச் செய்துகொண்டிருந்த அமெரிக்க நிறுவனம் ரேதியான். அங்கே வேலை செய்த பெர்சி ஸ்பென்சர், 1945இல், ஓடிக்கொண்டிருந்த மேக்னெட்ரானுக்குப் பக்கத்தில் நின்றபோது தன் சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார் என்பது கதை. முதலில் வந்த பெட்டிகள் ஆள் உயரத்துக்கு இருந்தன. ஹோட்டலுக்கும் கப்பலுக்கும்தான் விற்றன. வீட்டு மேடையில் வைக்கிற அளவுக்குச் சுருங்கியது 1967இல். போருக்குச் செய்த சாமான் அடுக்களைக்கு வந்து சேர எல்லாமாக இருபது வருஷத்துக்கும் மேல்.

சிந்தியா காக்பர்ன், சூசன் ஆர்ம்ராட் இருவரும் பிரிட்டனில் இதே அடுப்பை வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள், 1993இல். தொழிற்சாலையில் இதை வடிவமைப்பவர்கள் ஆண் பொறியாளர்கள். இதில் என்ன எப்படி வேகும் என்று சமைத்துப் பார்த்துச் சொல்பவர்கள் மனையியல் படித்த பெண்கள். முன்னவர் அறிவு தொழில்நுட்பம், பின்னவர் அறிவு வெறும் சமையல். கடையில்கூட, புதிதாக வந்தபோது டிவி, டேப்ரெக்கார்டர் வரிசையில் ஆண்களுக்கான அதிசயமாக வைத்திருந்தார்களாம். பழசானதும் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். இதைப் படித்தபோது எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. படகுக்கு இன்ஜின் வந்த நாளில் ஊரே கரையில் நின்றதாம். மிக்ஸி வந்த நாளை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா?

சரி, அடுப்புக்கு வருகிறேன். எங்கள் தெருவில் அது ஒரு வாரம் பேச்சாக இருந்தது. "கரண்டுல வெந்தத தின்னா கேன்சர் வருமாமே" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். வராது அத்தை, இது எக்ஸ்ரே மாதிரி கதிர் இல்லை, கீரையில் இருக்கிற தண்ணீரை அதிரவைத்துச் சூடாக்கும், கதவைத் திறந்தால் நின்றுவிடும் என்றேன். அவள் நம்பவில்லை. எனக்குக் கோபம் அத்தைமேல் வரவில்லை. சவுக்குச் சருகும் வேலிகாத்தான் சுள்ளியும் எரித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆயா நாற்பது வருஷம் சமைத்தாளே, அந்தப் புகையால் என்ன வரும் என்று அப்போது ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

சத்து போய்விடுமா என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் எளிது. கீரையிலிருக்கும் ஃபோலேட்டும் வைட்டமின் சியும் தண்ணீரில் கரைபவை. நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் வடித்த நீரோடு போய்விடும். குறைந்த ஈரத்தில், குறைந்த நேரத்தில் வெந்தால் கிண்ணத்திலேயே தங்கும். ஆனால் கீரையிலிருக்கும் இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். மேலே எலுமிச்சை பிழிந்தாலோ கூட மீன் இருந்தாலோ கொஞ்சம் கூடும். சென்னாக்குன்னியும் முருங்கைக்கீரையும் சேர்த்தது யாரோ, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, கெட்டிக்காரி. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பக் கூடாது என்று அம்மாவிடம் நான்தான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

ஆயா ஒரு பரீட்சை வைத்தாள். ஏரிக்கரை உப்புச் சேற்றில் உமரி முளைக்கும். சின்னச் சின்னதாக, தடித்த இலை. வெயில் ஏற ஏறச் சிவந்துவிடும். ஆயா ஒரு மடி பறித்துவந்து, "இத வேகவை பாப்போம் உன் பொட்டியில" என்றாள். வைத்தேன். நாலு நிமிஷத்தில் வெந்துவிட்டது. வாயில் போட்டவள் நான் ஓடிப்போய்த் துப்பினேன். கடலையே மென்ற மாதிரி. உமரியை இரண்டு தண்ணீர் கொதிக்கவிட்டு வடித்துக் கொட்டவேண்டும், அதற்குப் பிறகும் உப்பே போடாமல் தாளிக்கவேண்டும். தண்ணீர் வேண்டாம் என்பதுதானே இந்தப் பெட்டியின் பெருமை? உமரிக்குத் தண்ணீர் வேண்டும், உப்பு வெளியே போக ஒரு வழி வேண்டும். ஆயாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தக் கீரைக்கு அவள் அடுப்பேதான் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

இவையெல்லாம் நான் எதிர்பார்த்தவை. எதிர்பார்க்காதது அண்ணியிடமிருந்து வந்தது.

அம்மா தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் ஃபோனில் பின்னணியில் அண்ணியின் குரல்: "நான் ஆக்கிப் போடறது பத்தலன்னு தனியா வேற ஆக்கிக்கிறாங்க." அம்மா சட்டென்று வேறு பேச்சுக்கு மாறினாள். அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன், அண்ணியிடம் நியாயம் பேசலாம் என்றுதான். வாசலிலேயே பார்த்தேன். முறத்தில் சிறுகீரையைக் கொட்டி, வேர் கிள்ளி, பழுப்பு இலை பொறுக்கி, பூச்சி அரித்ததைத் தள்ளி ஆய்ந்துகொண்டிருந்தவள் அண்ணி. பக்கத்தில் மூன்று பாத்திரத்தில் மணல் போக அலசத் தண்ணீர். அதுவும் அவள் குழாயடியிலிருந்து தூக்கிவந்தது.

அடுப்பில் நாலு நிமிஷம். ஆய்வதற்கும் அலசுவதற்கும் நறுக்குவதற்கும் முக்கால் மணி நேரம். எந்த இயந்திரமும் எண்ணாத இந்த முக்கால் மணி நேரத்தை நானும் எண்ணவில்லை. விடுதியில் நான் வாங்கியதில் பாதி நாள், தள்ளுவண்டிக்கார அம்மா ஆய்ந்து வைத்த கீரை.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' புத்தகத்தை மேற்கோள் காட்டாத பெண்ணியக் கூட்டம் இல்லை. வீட்டுக்கு வந்த கருவிகள் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலையைத்தான் குறைத்தன, பெண்ணின் நேரத்தைக் குறைக்கவில்லை என்று அவர் காட்டினார். நானும் கல்லூரியில் படித்து அடிக்கோடு போட்டவள். 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண் ஒரு நாளில் அதற்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்த நான், அம்மாவுக்கு ஒரு விடுதலையை வாங்கிக் கொண்டுபோய் அண்ணியின் முறத்தில் கொட்டியிருந்தேன்.

அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அவளே சொன்னாள்: "உங்க அம்மாக்கு டெஸ்ட் எடுத்தீங்க. எனக்கும்தான் மூச்சு வாங்குது. எனக்கு யாரு எடுத்தாங்க?"

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். 9.1.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கீரை ஆயும் வேலையை ராத்திரி டிவி ஓடும் நேரத்துக்கு, கூடத்துக்கு மாற்றினோம். மறைவில் நடக்கிற வேலையை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தால் யாராவது கை கொடுப்பார்கள் என்பது என் கணக்கு. ஒருநாள் கொடுத்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாள். கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நைனா வீட்டிலிருந்தார். வலையில் அறுந்த கண்ணைத் தேடித் தைக்கிற விரல்கள் அவருடையவை. முறத்தை இழுத்து ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவினார். காம்பெல்லாம் சேர்ந்தே விழுந்தது. "இதுக்குப் போயி இம்மா நேரமா?" என்றார், அரைமணி நேரம் கழித்து. பிள்ளைகள் மாடியிலிருந்து கத்தியதும் ராக்கெட்டைப் பார்க்க எழுந்து போய்விட்டார். காம்பை எல்லாம் அண்ணி திரும்பப் பொறுக்கினாள். அது ஒருநாள்தான், இன்னொரு நாள் வரவில்லை.

அண்ணனுக்குக் கரண்ட் பில் கவலை. நாலு நிமிஷத்துக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, அதுவும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆனால் அந்தக் கரண்டைப் பற்றி எனக்கு வேறு கவலை இருக்கிறது. தெற்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்தில் வல்லூர். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, கையால் இறால் தடவிப் பிழைத்த பெண்களின் தண்ணீர் கெட்டது அந்தப் பக்கத்தில்தான். புகையில்லாத அடுப்பு என்று நான் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் சமையல்கட்டில் புகையில்லை என்று சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. உப்புக்காற்றில் அடுப்பின் கதவு ஓரம் துருப்பிடித்து, உள்ளே விளக்கு எரிவதில்லை. எங்கள் ஊரில் எதுவும் அதைவிட அதிகம் தாங்காது. அம்மாவின் கடைசி ரிப்போர்ட்டில் 10.8. மாத்திரை பாதி, கீரை பாதி என்று அவள் சொல்கிறாள். மாத்திரைக்கு முக்கால் பங்கு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கூடையை இப்போது தானே தூக்கி வைத்துக்கொள்கிறாள்.

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன். எல்லோரும் தூங்கிவிட்ட நேரம், அடங்கிய குரல்.

"ஏண்டி, மணத்தக்காளிக் கீரைக்கு எத்தினி நிமிஷம்?"

"அதே நாலுதாம்மா. ஏன் இந்நேரத்துல?"

"இப்பதான் ஒழிஞ்சுது. ரெண்டு கிண்ணம் ஒண்ணா வச்சா நிமிஷம் ஜாஸ்தி ஆவுமா?"

இரண்டாவது கிண்ணம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "ரெண்டும் ஒண்ணா வச்சா சரியா வேகாதும்மா. ஒண்ணு ஒண்ணா வை" என்றேன்.

"அப்ப அவளுத மொதல்ல வைக்கிறேன். பாவம், நின்னுனே தூங்குது" என்றாள்.

உன்னுடையதை முதலில் வை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவு சாத்துகிற சத்தமும் அடுப்பு ஓடுகிற சத்தமும் கேட்டன. லைனை அம்மா வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நாலு நிமிஷமும் அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.